இன்டர்வியூவில் உங்கள் உடம்பு உளறியதுண்டா?

கரூர்க்காரன்:
2011, கடைசி வருஷம், மெக்கானிக்கல். எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தி நின்றால்தான் "பையன் அடக்கமானவன்" என்பார்கள். கேம்பஸ் இன்டர்வியூவிலும் அதே பழக்கம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டுக்கே பதில் சொன்னேன். தெர்மோடைனமிக்ஸில் கேட்ட நாலுக்கும் சரியான பதில். ஆனாலும் எடுக்கவில்லை. பிளேஸ்மென்ட் ஆபீசர் பிறகு கூப்பிட்டு, "ஏம்ப்பா, முறைப்பா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தியாமே, இஷ்டமில்லாம வந்த மாதிரி இருக்குன்னு சொல்றாங்க" என்றார். மரியாதைக்குக் கட்டிய கை!

அடுத்த கம்பெனிக்குக் கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு போனேன். கண்ணுக்கு நேராகப் பார்க்க அப்போதும் வரவில்லை. சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னபடி, பொட்டு வைக்கும் இடத்தைப் பார்த்துப் பேசினேன். பலித்தது. (இன்றுவரை மாமனாரிடம் பேசும்போதும் அதே இடம்தான்.)

தலையாட்டி பொம்மை:
எனக்கு வீடியோ காலில் நடந்தது. எதிரே ஒரு ஜெர்மன்காரர். முதல் ஆறு மாதம் ஸ்டுட்கார்ட்டில் வந்து இருக்க முடியுமா என்று கேட்டார். நம்மூர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்து ஆட்டினேன். "சரிங்க, வந்துடறேன்" என்று அர்த்தம். அவர் முகம் வாடிவிட்டது. பரவாயில்லை என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 10 நிமிஷம் கழித்து, குடும்பக் காரணமா என்று அவரே தயங்கிக் கேட்டபோதுதான் உறைத்தது. ஐயோ, நான் சரின்னுதானே சொன்னேன்! விளக்கியதும் சிரித்துவிட்டார், வேலையும் கிடைத்தது. இப்போதெல்லாம் முதலில் வாயால் "யெஸ்", அப்புறம்தான் தலை.

மேஜைக்கு அந்தப் பக்கம்:
2009 முதல் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் பேசி முடிக்கும்வரை முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். "பதற்றம், கிளையன்ட் முன்னால் சரிப்படாது" என்று குறித்தேன். கூட இருந்தவர் விடாப்பிடியாக எடுத்தார். இன்று நாங்கள் எல்லாரும் பயப்படும் கிளையன்டிடம் போனில் பேசுவது அந்தப் பெண்தான். முழங்கால் இன்னும் ஆடுகிறது.

உடம்பை வைத்தே ஆளை எடைபோடும் தைரியம் எனக்கு ஒரு டிரெய்னிங்கில் வந்தது. பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55 என்று போர்டில் எழுதினார்கள். பக்தியோடு எழுதிக்கொண்டேன். பின்னால் தேடிப் படித்தால், அது 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் ஆய்வாளர் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. ஒற்றை வார்த்தைகளைப் பல தொனியில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இது பொருந்தாது என்று அவரே எழுதியிருக்கிறார். பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் முழங்காலில் 55 சதவீதம் இருக்குமா?

கரூர்க்காரன்:
சார், ஒன்று கேட்கலாமா? 2011இல் நான் உங்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எடுத்திருப்பீர்களா?

மேஜைக்கு அந்தப் பக்கம்:
மாட்டேன் தம்பி. அந்தக் குறிப்பை எழுதினதே நானாகக்கூட இருக்கலாம்.