சுவர்ப் பூச்சைப் பொடியாக்கும் பொருள் தோலை எப்படிக் காக்கிறது? டைட்டானியம் டை ஆக்சைடு பற்றி ஓர் ஐயம்

கேள்வி: நாஞ்சில்_ஆசிரியர்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் மேனிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் வகுப்பில் எழுந்த கேள்வி ஒன்றுக்கு என்னால் நிறைவான விடை சொல்ல இயலவில்லை.

எங்கள் வீட்டின் மேற்குச் சுற்றுச்சுவருக்கு வெள்ளை எமல்ஷன் அடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் சுவரில் சாய்ந்து நின்றால் சட்டையில் அரிசி மாவு போல வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. அதே வாளியிலிருந்து எடுத்து அடித்த வராந்தாச் சுவரில் இந்தத் தொல்லை இல்லை. இதை எடுத்துக்காட்டாகச் சொல்லி, பெயின்ட்டுக்கு வெண்மை தரும் நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு, வெயில் படும்போது ஒளி வினையூக்கியாக, அதாவது ஒளியைக் கொண்டு வேதிவினையைத் தூண்டும் பொருளாகச் செயல்பட்டுப் பெயின்ட்டைச் சிதைக்கிறது என்று விளக்கினேன். உடனே ஒரு மாணவி, தன் அக்காள் முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் குழாயிலும் இதே பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது, சுவரையே உதிர்க்கும் பொருள் முகத்தை மட்டும் விட்டுவைக்குமா என்று கேட்டாள். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன், சூரிய மின்கலத்திலும் இது இருக்கிறதே, அப்படியானால் முகத்தில் மின்சாரம் வராதா என்றான். வகுப்பு சிரித்தது, எனக்கு அது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வியாகத் தோன்றவில்லை.

மணவாளக்குறிச்சிக் கரிய மணலை மிதித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதிலுள்ள இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவிலிருந்துதான் இந்தப் பளிச்சென்ற வெள்ளை நிறமி வருகிறது என்பதே அவர்களுக்கு வியப்பு. ஒரே பொருள் காப்பதும் அழிப்பதும் மின்சாரம் தருவதும் எப்படி என்று, துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய_வண்ணக்காரர்

ஐயா, பெயின்ட் ஆலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை இளையவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் சொல்லும் பொடி உதிர்வை நாங்கள் 'சாக்கிங்' என்போம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும்: எல்லாச் சாக்கிங்கும் டைட்டானியத்தின் குற்றம் அல்ல. விலை குறைந்த எமல்ஷனில் துகள்களை ஒட்டிவைக்கும் பைண்டர் குறைவாகவும் சுண்ணாம்புக்கல் பொடி மிகுதியாகவும் இருக்கும். அப்படிப்பட்ட பூச்சு, பிடித்துவைக்க ஆள் போதாமல் தானாகவே உதிரும். பெயின்ட்காரர் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்திருந்தாலும் அதேதான். ஆனால் ஒரே வாளிப் பெயின்ட் நிழலில் நிலைத்து, வெயிலும் கடற்காற்றின் ஈரமும் படும் பக்கத்தில் மட்டும் உதிர்கிறது என்றால், வெயிலுக்கு அதில் பெரும் பங்கு இருக்கிறது என்று கொள்ளலாம்.

டைட்டானியம் டை ஆக்சைடு அனடேஸ், ரூட்டைல் என்ற இரண்டு படிக வடிவங்களில் நிறமியாக வருகிறது. அனடேஸ் சற்று நீலம் கலந்த வெண்மை தரும். ஆனால் வெயிலில் அதன் வினைத்திறன் மிகுதி, சுற்றியுள்ள ரெசினை, அதாவது பைண்டரைத் தின்றுவிடும். ஆகவே அதை உள்சுவருக்கும் காகிதத்துக்கும் வைத்துக்கொண்டு, வெளிச்சுவருக்கு ரூட்டைலைப் பயன்படுத்துவதே முறை. அந்த ரூட்டைலையும் அப்படியே போடுவதில்லை. ஒவ்வொரு துகளின் மேலும் அலுமினா, சிலிக்கா ஆகியவற்றை மெல்லிய தோல் போலப் போர்த்திய பிறகே பெயின்ட்டுக்கு அனுப்புகிறார்கள். விலையில் பெரும் வேறுபாடு வருவது அந்தப் போர்வையில்தான் என்பது வாங்குபவர் பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் மாணவியின் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் வண்ணம் பூசிய எஃகுக் கூரைத் தகடுகளில், கூரை வேய்ந்த தொழிலாளர்களின் கைத்தடங்கள் பதிந்த இடங்கள் மட்டும் விரைவில் மங்கிப்போயின. காரணத்தைத் தேடியபோது, அவர்கள் கைகளில் பூசியிருந்த சில சன்ஸ்கிரீன்களில் இருந்த, அனடேஸ் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் தகட்டின் பூச்சை அரித்திருப்பது தெரிந்தது. 2008இல் அந்த ஆய்வு வெளியானது. ஆகவே அந்தப் பெண் கேட்டது குழந்தைத்தனமான கேள்வி அன்று.

மறுமொழி 2: படிக_மாணவி

ஒளிசார் பொருள்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மேலே ஐயா சொன்ன போர்வையிலிருந்தே தொடங்கலாம்.

டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரான் கீழ் ஆற்றல் பட்டையிலிருந்து மேல் பட்டைக்குத் தாவத் தேவையான ஆற்றல், ரூட்டைலில் ஏறத்தாழ 3.0 எலக்ட்ரான் வோல்ட், அனடேஸில் 3.2. 1240ஐ இந்த எண்ணால் வகுத்தால் நானோமீட்டரில் அலைநீளம் கிடைக்கும்: முதலாவதுக்கு 413, இரண்டாவதுக்கு 387. அதைவிடக் குறுகிய அலைநீளமுள்ள ஒளி, அதாவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர், படிகத்தில் விழுந்தால் உறிஞ்சப்படும். ஓர் எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவி, அது இருந்த இடத்தில் ஒரு துளை உண்டாகும். இதுவரை நடப்பது சுவரிலும் முகத்திலும், இந்தப் படிகமே ஒளியைப் பிடிக்கும் கலத்திலும் ஒன்றே. அந்த எலக்ட்ரானும் துளையும் அடுத்து எங்கே போகின்றன என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

அவை படிகத்துக்குள்ளேயே மீண்டும் சேர்ந்துவிட்டால், உறிஞ்சிய ஆற்றல் சிறிதளவு வெப்பமாக மாறி முடிந்துவிடும், இதுவே பாதுகாப்பு. அவை மேற்பரப்பை அடைந்தால், துளை அங்குள்ள ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்கும், எலக்ட்ரான் காற்றின் ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடாக்கும். இரண்டும் எதிர்ப்பட்ட கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்பவை. உங்கள் சுவரின் பைண்டர் அப்படித்தான் வெட்டுப்படுகிறது. அலுமினா, சிலிக்காப் போர்வை இந்த மேற்பரப்பு வழியை அடைக்கிறது. எலக்ட்ரானை ஒரு கம்பி வழியாக வெளியே இழுத்துக்கொண்டாலோ, அது மின்சாரம். டோக்கியோவில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், ரூட்டைல் படிக மின்முனையையும் பிளாட்டின மின்முனையையும் கம்பியால் இணைத்து, புற ஊதா ஒளியில் நீரை ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்துக் காட்டினார்கள்.

பின் வரிசை மாணவனுக்குச் சொல்ல வேண்டியது இது. முகத்தில் பூசிய துகள்கள் தனித்தனியாக, போர்வையோடு, எந்தச் சுற்றிலும் இணையாமல் கிடக்கின்றன. மின்சாரம் போக வழி இல்லை. மேலும், தரையை அடையும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு 5 விழுக்காட்டு அளவே. அதை மட்டும் நம்பி மின்கலம் செய்ய இயலாது என்பதால்தான், 1991இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் ஓ'ரீகனும் கிரெட்செலும், பஞ்சு போன்ற டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் ருத்தேனியம் சாயத்தை ஏற்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சாயம் பிடிக்கட்டும், எலக்ட்ரானைச் சுமப்பது மட்டும் ஆக்சைடின் வேலையாக இருக்கட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் கலம் 7 விழுக்காட்டுக்கு மேல் திறன் காட்டியது. இன்று பேசப்படும் பெரோவ்ஸ்கைட் கலங்கள் (சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் படிகம் ஒளியைப் பிடிக்கும் சூரிய மின்கலங்கள்) அந்த வழியில் வந்தவையே, 2009இல் 3.8 விழுக்காட்டில் தொடங்கி 25ஐத் தாண்டிவிட்டன. அவற்றிலும் பழைய குணம் தலைகாட்டாமல் இல்லை: டைட்டானியம் டை ஆக்சைடு படலம் புற ஊதா ஒளியில் கலத்தின் ஆயுளைக் குறைப்பதால், பலரும் வெள்ளீய ஆக்சைடுக்கு மாறிவருகிறார்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடலாம். கனிம சன்ஸ்கிரீன் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று விளம்பரங்கள் மட்டுமின்றிச் சில பாடநூல்களும் எழுதுகின்றன. 2016இல் வெளியான அளவீடுகளின்படி, இந்த ஆக்சைடுகள் திருப்பி அனுப்பும் புற ஊதாக் கதிர் சராசரியாக 4 அல்லது 5 விழுக்காடுதான்; மற்றப்படி அவை உறிஞ்சியே காக்கின்றன. வெள்ளைப் பெயின்ட்டின் துகள் 200 முதல் 300 நானோமீட்டர் வரை இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாகச் சிதறடித்து வெண்மை தருகிறது. சன்ஸ்கிரீனில் துகளைப் பல மடங்கு சிறிதாக்குவது அந்த வெண்மையைக் குறைப்பதற்காகவே.

நாஞ்சில்_ஆசிரியர்

இருவருக்கும் மிக்க நன்றி. 'எலக்ட்ரான் எங்கே போகிறது' என்ற ஒரே கேள்வியை வைத்தே ஒரு பாடவேளையை நடத்திவிடலாம் போலிருக்கிறது. ஆயினும் அந்த மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய விடை இன்னும் பாதியில் நிற்கிறது: முகத்தில் பூசலாமா, கூடாதா? இன்னொன்று: மொட்டை மாடிக்குக் குளிர்ச்சிப் பெயின்ட் அடிக்கலாம் என்று எண்ணுகிறேன். அதிலும் இதே நிறமிதானா?

மறுமொழி 3: தோல்_மருத்துவர்

பூசலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் சன்ஸ்கிரீனில் நானோ டைட்டானியம் டை ஆக்சைடை 25 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன. ஆனால் அது ரூட்டைலாகவோ, 5 விழுக்காட்டுக்கு மேற்படாத அனடேஸ் கலந்த ரூட்டைலாகவோ இருக்க வேண்டும் என்றும், அதன் ஒளி வினையூக்கத் திறன் போர்வையற்ற துகளின் திறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கின்றன. கூரைத் தகடு கற்பித்த பாடம் சட்ட வாசகத்திலும் இருக்கிறது என்று உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள். துகள்கள் பெரும்பாலும் தோலின் இறந்த மேலடுக்கிலேயே தங்கிவிடுகின்றன என்பதே இதுவரையான ஆய்வுகளின் பொதுவான முடிவு. மூச்சில் இழுப்பது வேறு. நுரையீரலுக்குள் போகக்கூடிய தெளிப்பான் வடிவத்தில் இதை நான் பரிந்துரைப்பதில்லை, அந்த விதிகளும் அதைத் தடுக்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அளவில்தான். குழாயில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், அதாவது வெயில் காப்பு அளவைக் காட்டும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெறுவது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பட்டாணி அளவு பூசிவிட்டு, கிரீம் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

நம் நிறத்தவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களை நன்றாகத் தடுக்கிறது. 360க்கு மேல் அதன் வலு குறைகிறது. அங்கே துத்தநாக ஆக்சைடு மேலானது. மங்கு உள்ளவர்களுக்கோ கண்ணுக்குத் தெரியும் ஒளியே கறுப்பைக் கூட்டும், அதை இந்த இரண்டும் போதிய அளவு தடுப்பதில்லை. அவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனே பொருத்தம். முகம் சாம்பல் பூத்தது போலத் தெரியும் குறையும் அதனால் நீங்கும். வீட்டில் இருக்கும் கலமைன் லோஷனின் இளஞ்சிவப்பும் துத்தநாக ஆக்சைடோடு சேர்ந்த இரும்பு ஆக்சைடால் வருவதுதான். அதற்காகக் கலமைனைப் பூசிக்கொண்டு வெயிலில் போய்விட வேண்டாம். அது சன்ஸ்கிரீன் ஆகாது.

மறுமொழி 4: படிக_மாணவி

மாடி பற்றிய கேள்விக்கு. கடையில் கிடைக்கும் குளிர்ச்சிப் பெயின்ட்டுகளில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் இருக்கிறது. ஆனால் தோலில் நன்மையாக இருந்த குணம் மாடியில் இழப்பாகிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது என்று கொண்டால், புற ஊதாப் பங்கான 50 வாட்டில் பெரும்பகுதியை இந்த நிறமி விழுங்கிச் சூடாக்கிக்கொள்ளும். வழக்கமான வெள்ளைப் பெயின்ட்டுகள் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியிட்ட வெள்ளைப் பெயின்ட்டில், டைட்டானியத்தை விட்டுவிட்டு, புற ஊதாவை உறிஞ்சாத பேரியம் சல்ஃபேட் துகள்களைப் பல அளவுகளில் கலந்து 98.1 விழுக்காடு வரை எட்டினார்கள். அதற்கு முன் அதே குழு கால்சியம் கார்பனேட்டைக் கொண்டு 95.5 விழுக்காடு பெற்றிருந்தது. நம் வீடுகளில் கோடைக்கு முன் மாடியில் அடிக்கும் சுண்ணாம்பும் காற்றில் காய்ந்து கால்சியம் கார்பனேட்டாகத்தான் மாறுகிறது. ஆய்வகப் பெயின்ட்டின் துகள் ஒழுங்கும் ரெசினும் அதில் இல்லை. ஒரு மழையில் பாதி போய்விடும். ஆனாலும் நிறமியைத் தேர்ந்ததில் நம் முன்னோர் பிழை செய்யவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 5: பழைய_வண்ணக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உதிரும் மேற்குச் சுவரின் மேல் அப்படியே புதுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பொடியின் மேல் ஏறும் பூச்சு பொடியோடு சேர்ந்து உரிந்து வரும். கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை படியாதபோது ஒரு கை பிரைமர் அடித்து, அதன் பிறகு வெளிச்சுவருக்கென்றே விற்கும் எமல்ஷனை இரண்டு கை அடியுங்கள். அந்தத் துணிச் சோதனையை வராந்தாச் சுவரிலும் செய்து, இரண்டு துணிகளையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

நாஞ்சில்_ஆசிரியர்

இன்று மாலையே துடைத்துப் பார்த்தேன், ஐயா. மேற்குச் சுவர்த் துணி வெளுத்துவிட்டது; வராந்தாத் துணியில் ஒட்டடை மட்டும்தான். இரண்டையும் நாளை பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன்.