வரியோடிய உருக்குக் கத்தியைக் கையால் தீட்டுபவர் தேவை

வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 1095, 15என்20 ஆகிய இரு உருக்குகளை அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்துக் கையாலேயே செய்யப்பட்ட, 10 அங்குல அலகுடைய சமையற்கத்தி ஒன்று என்னிடம் உள்ளது. தேசிக்காய் வெட்டியபின் கழுவாமல் ஓர் இரவு வைத்துவிட்டேன் (தவறு என்னுடையதே). நிக்கல் கலந்த 15என்20 உருக்கின் வெண்ணிற வரிகள் அப்படியே இருக்க, இடையிலுள்ள 1095 உருக்கின் கருவரிகளில் மட்டும் செந்துரு புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது. நுனியருகே கூரும் மழுங்கியுள்ளது. புறக்கோட்டையில் ஒருவர் மின்சாணை பிடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தச் சூட்டில் அலகின் பதம் (கடினத்தன்மை) கெட்டுவிடும் என்பதால் கொடுக்கவில்லை. கொழும்பில் தண்ணீர்க்கல்லில் (நீரில் நனைத்துத் தீட்டும் சாணைக்கல்) கையால் தீட்டுபவர் எவரையேனும் அறிவீர்களா? துருவை நீக்கும்போது வரி மங்கினால், அதைத் தெளிவாக்க, உருக்கை அரிக்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் அலகை மீண்டும் தோய்க்க வேண்டியிருக்கும். அதைச் செய்து பார்த்தவர்கள், எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.