மறுமொழி: பின்பறிப்பு இனிப்பு ஒயினுக்குத் தமிழ்ச் சொல் – "கொடிவாடல் தேறல்" சரிவருமா?

அன்பு நண்பர்களே,

கொடியிலேயே சுருங்கவிட்டுப் பிந்திப் பறிக்கும் திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயினுக்கு, நம் கட்டுரை வரைவில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "தாமத அறுவடை இனிப்பு ஒயின்" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் ரயில் தாமதம், சம்பளம் தாமதம் என்று சொல்லும்போது ஏதோ தவறிவிட்டது என்றுதான் பொருள். தென்கிழக்கு ஸ்பெயினின் ஹுமியாவிலும் யெக்லாவிலும் தோட்டக்காரர் வேண்டுமென்றே காத்திருக்கிறார். அப்புறம், கதிரை அறுக்கிறோம், பழத்தைப் பறிக்கிறோம். செயலுக்கு மட்டும் பெயர் வேண்டுமென்றால் "பின்பறிப்பு" போதும்.

ஒயினுக்குப் பெயர் வைக்குமுன் கொடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே முதன்மையான திராட்சை மொனாஸ்த்ரெல். பிரான்சில் மூர்வெத்ர், ஆஸ்திரேலியாவில் மட்டாரோ என்பதும் இதுவே. சிறிய பழம், தடித்த தோல், இயல்பாகவே பிந்திப் பழுக்கும் வகை. வழக்கமான ஒயினுக்குப் பறித்து முடித்த பிறகும் சில குலைகளைக் கொடியிலேயே விட்டுவைக்கிறார்கள். இலையுதிர் காலத்திலும் காற்று வறண்டிருப்பதால் பழம் அழுகுவதில்லை. நீர் வற்றித் தோல் சுருங்க, உள்ளே சர்க்கரை செறிகிறது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால். லிட்டருக்கு 340 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுக்க நொதித்தால் 20 சதவீதம் வரவேண்டும். ஆனால் அவ்வளவு ஆல்கஹாலில் ஈஸ்ட் பிழைக்காது. 15 சதவீதத்தில் நொதிப்பு நின்றால் சுமார் 85 கிராம் சர்க்கரை அப்படியே மிஞ்சும். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 45 கிராம் இருந்தாலே புட்டியில் "இனிப்பு" என்று போடலாம். வெளியிலிருந்து சர்க்கரை எதுவும் சேரவில்லை. எல்லாம் பழத்தில் இருந்ததுதான். இனிப்பு எங்கிருந்து வந்தது என்பதை நாம் வைக்கும் சொல் காட்டவேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

> அப்படியானால் "கொடிமுதிர் மது"?

இதை முதலில் படித்தபோது எனக்கும் பிடித்திருந்தது. சிக்கல் மரப்பீப்பாயில் வருகிறது. ஒயின் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதையும் "முதிர்தல்" என்றே எழுதுகிறோம். ஸ்பெயினின் அலிகாந்தே பகுதியில் செய்யும் ஃபோந்தியோன் என்ற ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மொனாஸ்த்ரெல்லை மிகையாகப் பழுக்கவிட்டுப் பறித்து, சாராயம் சேர்க்காமல், குறைந்தது 10 ஆண்டு ஓக் பீப்பாயில் வைத்திருந்து எடுப்பது. ஆல்கஹால் குறைந்தது 16 சதவீதம். கொடியிலும் முதிர்ந்தது, பீப்பாயிலும் முதிர்ந்தது என்றால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? இன்னொன்று, ஃபோந்தியோனில் இனிப்பு மிகக் குறைந்தவையும் உண்டு. அதனால் "இனிப்பு" என்பதைச் சொல்லின் அடிப்படையாக்க முடியாது. தேவையான இடத்தில் அடையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

"அளிந்த கனி" என்ற பழைய வழக்கை ஒருவர் நினைவூட்டினார். அழகான சொல், மிகப் பழுத்துக் குழைந்ததைக் குறிப்பது. ஆனால் இங்கே பழம் குழைவதில்லை, சுருங்குகிறது. மேலும் "அளி" என்றதும் பலருக்குக் கொடுத்தல்தான் நினைவுக்கு வரும். "வற்றல்" என்றால் முழுக்கக் காய்ந்துவிட்டது. பறித்தபோது சாறு இன்னும் இருக்கிறதே!

இரண்டுக்கும் நடுவில் நிற்பது "வாடல்". ஈரம் பாதி போய்விட்டது, உயிர்ப்பு போகவில்லை. ஆகவே என் பரிந்துரை கொடிவாடல் தேறல் (தேறல் என்பது மதுவுக்குப் பழைய சொல்). இனிப்பு மிகுந்ததைக் கொடிவாடல் இன்தேறல் எனலாம்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பேத்ரோ ஹிமேனெஸ் என்ற வெள்ளைத் திராட்சையை தெற்கு ஸ்பெயினின் மொந்தியா பக்கம் பறித்த பிறகு பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். அது வெயிலுலர் தேறல். நொதிப்பு பாதியில் இருக்கும்போது சாராயம் ஊற்றி நிறுத்தினால் வலுவூட்டிய தேறல். ஹுமியாவில் மொனாஸ்த்ரெல்லிலேயே இந்த வகையும் செய்கிறார்கள். மூன்றையும் "இனிப்பு ஒயின்" என்று ஒரே கூடையில் போட்டால் கட்டுரை எழுதுபவர் திண்டாடுவார்.

"தேறல்" வழக்கிழந்த சொல் என்று ஆட்சேபம் வந்திருக்கிறது. பேச்சில் ஒயின் இருக்கட்டும், அதை யாரும் விரட்டவேண்டாம். ஆனால் யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் புறநானூற்று 56-ஆம் பாட்டு "தேறல்" என்றுதான் சொல்கிறது. மேற்கிலிருந்து கடல்வழி வந்த மதுவுக்கு நம்மவர் ஏற்கெனவே ஆண்ட சொல். தெளிந்தது என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது. கூட்டுச்சொல் கட்ட "ஒயின்" அவ்வளவு இணங்குவதுமில்லை.

வரைவில் "சிவப்புத் திராட்சை" என்று இருப்பதைக் "கறுப்புத் திராட்சை" என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். மொனாஸ்த்ரெல் பழம் கருநீலம், சாறு கிட்டத்தட்ட நிறமற்றது. தோலோடு ஊறும்போதுதான் ஒயினுக்குச் சிவப்பு ஏறுகிறது. சந்தையில் நாம் அப்படிப்பட்ட பழத்தைக் கறுப்புத் திராட்சை என்றுதானே கேட்டு வாங்குகிறோம்?

நொதித்த பின் மிஞ்சும் சர்க்கரைக்கு "எஞ்சு சர்க்கரை", "மிகுதிச் சர்க்கரை" என்று இரண்டு சொற்கள் வரைவில் கலந்து கிடக்கின்றன. "மிகுதி" அளவுக்கு மேல் இருப்பதுபோல் ஒலிப்பதால் முதலாவதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.