பூமொழி நாவல்: விக்டோரியா குழந்தையை விட்டுச் சென்றது ஏன்?

கேள்வி:
வணக்கம். வனெஸா டிஃபன்பா எழுதி 2011இல் வெளிவந்த ‘தி லேங்குவேஜ் ஆஃப் ஃப்ளவர்ஸ்’ நாவலை அண்மையில் படித்து முடித்தேன். கலிஃபோர்னியாவில் ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டுக்கொண்டே வளர்ந்த விக்டோரியா, 18 வயது நிறைந்ததும் அரசுப் பராமரிப்பிலிருந்து வெளியேறி, சான் ஃபிரான்சிஸ்கோ பூங்கா ஒன்றில் படுத்துறங்குகிறாள். பின்னர் பூக்கடையில் வேலையும் பூ வியாபாரி கிராண்டின் அன்பும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் பெற்ற குழந்தையை அவள் விட்டுச் செல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கைவிடப்பட்ட வலியை அறிந்தவள் அதையே எப்படிச் செய்வாள்?

மறுமொழி 1:
அந்த வலியை அறிந்தவள் என்பதனால்தான் செய்கிறாள் என்று நினைக்கிறேன். சிறுவயதில் அவளைத் தத்தெடுக்கவிருந்த வளர்ப்புத் தாய் எலிசபெத்தின் திராட்சைத் தோட்டத்தில் நடந்தவற்றை மறுபடியும் படித்துப் பாருங்கள். தத்தெடுப்பு கைகூடவிருந்த வேளையில் எலிசபெத் தயங்கிப் பின்வாங்க, தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்திலும் பொறாமையிலும் சிறுமி விக்டோரியா தோட்டத்துக்குத் தீ வைக்கிறாள். தன்னை நேசிப்பவர்களுக்குத் தன்னால் கேடுதான் விளையும் என்று அன்றே அவள் மனத்தில் பதிந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பின், உறக்கமின்றி, ஓயாமல் பாலுக்கு அழும் சிசுவோடு அவள் தனித்திருக்கும் அத்தியாயத்தில் அந்த எண்ணமே மேலெழுகிறது. குழந்தையை அவள் தெருவில் விடவில்லை. கூடையில் பாசியைப் பரப்பி அதில் கிடத்தி, குழந்தையின் தந்தையான கிராண்டின் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு பூவுக்கும் செடிக்கும் ஒரு பொருள் கொள்ளும், அவள் கற்ற பூமொழியில் பாசிக்குத் தாயன்பு என்று பொருள். அந்த ஒரு செயலில் அவளால் சொல்ல முடிந்தது முழுவதும் இருக்கிறது.

மறுமொழி 2:
இதுவரை உடன்படுகிறேன். ஆனால் அவள் கட்டித்தரும் பூங்கொத்துகள் வாடிக்கையாளர்களின் வாழ்வையே மாற்றுவதும், தொழில் அவ்வளவு விரைவில் செழிப்பதும் எனக்கு நம்பும்படியாக இல்லை. நூலாசிரியர் தாமே வளர்ப்புத் தாயாக இருந்தவர். ஆகவேதான் பூங்காவில் உறங்கும் தொடக்கப் பகுதிகள் அத்தனை உண்மையாக அமைந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 21 வயதுவரை பராமரிப்பில் தொடர வழிசெய்யும் சட்டம் 2012இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த மூன்று ஆண்டுகள் கிடைத்திருந்தால் விக்டோரியாவுக்குப் பூங்காவில் படுக்க நேர்ந்திருக்காது.

மறுமொழி 1:
தொழில் பற்றிய தங்கள் குறை நியாயமானது. ஆயினும் முடிவில் ஆசிரியர் அந்த அவசரத்தைக் காட்டவில்லை. திரும்பி வந்த விக்டோரியா குழந்தையை உடனே தன்னோடு அழைத்துச் செல்வதில்லை. தாயாக இருப்பதைச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளத் தனக்குக் கால அவகாசம் வேண்டுமென்று அவள் உணர்கிறாள், எலிசபெத்தும் கிராண்டும் அதைக் கொடுக்கிறார்கள்.