மறு: பேஸ் கிட்டார் தந்தி வகைகளுக்குத் தமிழ்ச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் சொற்களுக்கு நம் குழுவில் ஒருவர் முன்வைத்த தமிழாக்கங்களுக்கு என் பதில் இது. மேற்கோள் வரிகள் அவருடையவை.

> ஃபிளாட்வவுண்ட் = தட்டைத் தந்தி, ரவுண்ட்வவுண்ட் = வட்டத் தந்தி. சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தப் பேஸ் தந்தியைக் குறுக்கே நறுக்கினாலும் வெட்டுமுகம் வட்டமாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. அந்த மேல்கம்பி உருண்டையா, பட்டையா என்பதில்தான் இரண்டு வகையும் பிரிகின்றன. ஆகவே சொல்லில் ‘சுற்று’ கட்டாயம் வர வேண்டும். தட்டையான இரும்பைப் பட்டறையில் பட்டை என்றுதான் சொல்கிறோம். உருட்டுக்கட்டை என்ற சொல்லும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ‘பட்டைச்சுற்று’, ‘உருட்டுச்சுற்று’ என்று முன்மொழிகிறேன்.

சுற்று எதற்கு என்பதும் சொல்லிலேயே புரிந்துவிட வேண்டும். பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியான ‘ஈ’ (E) நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த சுரத்துக்கு எடை வேண்டும். அந்த எடையை ஒற்றைக் கம்பியிலேயே கொடுத்தால் அது இரும்புத் தண்டு மாதிரி விறைத்துப்போகும். மெல்லிய கம்பியின் மேல் சுற்றினால் எடையும் கூடும், வளையும் தன்மையும் நிற்கும். எனவே நடுவில் இருப்பதை ‘உட்கம்பி’, மேலே இருப்பதைச் ‘சுற்றுக்கம்பி’, முழுப் பொருளைத் ‘தந்தி’ என்று பிரித்து ஆளலாம். கம்பியா தந்தியா என்று போன வாரம் நடந்த வாதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு பொருளில்.

வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு விரலிலேயே தெரியும். உருட்டுச்சுற்றுத் தந்தியின் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் கிர்ர் என்று ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். பட்டைச்சுற்றில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வரிகளால்தான் உருட்டுச்சுற்றில் ஒலி பளிச்சென்று இருக்கிறது, கை நகரும்போது கீச்சென்ற சத்தமும் வருகிறது. அழுக்கும் வியர்வையும் அந்த இடுக்குகளில்தான் சேர்கின்றன. நாளாக நாளாக அந்தப் பளிச்சு மங்குவது அதனால்தான். பட்டைச்சுற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே அடங்கிய, உருண்ட ஒலி. வருடக்கணக்கில் மாற்றாமல் வாசிக்கலாம்.

டெட்ராய்ட்டின் மோடவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் பருமனான பட்டைச்சுற்றுத் தந்தி போட்டு வாசித்தவர். அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். நேர் எதிராக, ‘தி ஹூ’ ராக் குழுவின் ஜான் என்ட்விசில் 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருட்டுச்சுற்றுத் தந்திகளைத் தனக்கேற்றபடி செய்ய வைத்தார். பேஸ் முன்னால் வந்து பேசுகிற வாசிப்பு அவருடையது. ‘எது நல்ல தந்தி?’ என்று கேட்பவர்களிடம் நான் இந்த இருவரையும் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். டிரம்ஸோடு ஒட்டி, பாடகருக்குக் கீழே நின்று வாசிக்கப் பிடித்தால் பட்டைச்சுற்று. கட்டைவிரலால் அறைந்து வாசிக்க ஆசை என்றால் உருட்டுச்சுற்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. முதலில் உருண்டைக் கம்பியால் சுற்றி, பிறகு மேற்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். ‘அரைவட்டத் தந்தி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்முறையைச் சொல்லும் ‘சாணைச்சுற்று’ எனக்குப் பிடித்திருக்கிறது.

> ஸ்கேல் லெங்த் = சுருதி நீளம் அல்லது தந்தி நீளம்

இரண்டுமே சிக்கல். இதற்கும் சுருதிக்கும் சம்பந்தமில்லை. ‘தந்தி நீளம்’ என்று வைத்தால் வாங்குகிறவர் பணத்தை இழப்பார், கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நாம் குறிப்பது கழுத்தின் தலைப்பில் உள்ள மேட்டிலிருந்து, உடலில் தந்தியைத் தாங்கும் குதிரை வரை அதிரும் பகுதியை மட்டும். ஃபெண்டர் பேஸ்களில் அது 34 அங்குலம். பால் மெக்கார்ட்னியால் புகழ்பெற்ற, வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸில் ஏறத்தாழ 30. தந்தியோ இதைவிட நீளம், மிச்சம் சுருதி கூட்ட முறுக்கும் பிருடையில் சுற்றிக்கொள்ளும். 34 அங்குலப் பேஸுக்கான தந்தியைக் குட்டைப் பேஸில் மாட்டினால், முனையில் மெலிய வேண்டிய இடம் தள்ளிப்போய், தடித்த பகுதியே பிருடையில் வளைந்து ஏற வேண்டியிருக்கும். சுற்று பிரிந்து தந்தி கெடுவதற்கு அது போதும். சில பேஸ்களில் தந்தி உடலின் பின்புறத்திலிருந்து துளை வழியாக வரும், அதற்கு இன்னும் நீளம் வேண்டும். ஆகவே அதிரும் பகுதிக்கு ‘அதிர்நீளம்’ என்றும், உறையில் வரும் முழுப் பொருளுக்குத் ‘தந்தி நீளம்’ என்றும் இரண்டு சொற்களை வைத்தே ஆக வேண்டும்.

அதிர்நீளம் கைக்கும் முக்கியம். அதே தந்தியை அதே சுரத்துக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34 அங்குலத்திலிருந்து 30க்கு வந்தால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். சின்னக் கை உள்ளவர்களுக்குக் குட்டைப் பேஸ் சுகமாக இருப்பதற்கு மெட்டுகள் (விரல் அழுத்தும் ஃபிரெட்டுகள்) நெருங்கியிருப்பது மட்டும் காரணமில்லை. தந்தி தொளதொளவென்று பட்டால் பருமனைக் கூட்டிக்கொள்ளலாம். தந்தியின் தடிமனைச் சொல்லும் கேஜுக்குப் ‘பருமன்’ போதும், புதிதாக எதுவும் வேண்டாம். கடையில் ‘45–105’ என்று கேட்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 0.045 முதல் 0.105 வரை.

> ஃபிரெட் = திவவு

திவவு யாழின் கோட்டில் (தண்டில்) நரம்பை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கட்டு. விரல் அழுத்தும் இடமல்ல. வீணைக்காரர்கள் அன்றாடம் சொல்லும் ‘மெட்டு’ இருக்க, அந்த அழகான சொல்லை வேறு பொருளுக்கு இழுப்பது நியாயமில்லை. குதிரை, பிருடை இரண்டையும் வீணையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம். இதையும் எடுத்துக்கொள்வோம்.

ஒரே ஓர் இடத்தில்தான் இடிக்கிறது. ஃபிரெட்லெஸ் பேஸை ‘மெட்டில்லாப் பேஸ்’ என்றால் பாட்டே வராத பேஸ் என்று படும். விரற்பலகை வெறுமையாக இருப்பதால் ‘வெறும்பலகைப் பேஸ்’ என்று யோசித்தேன். தந்தித் தேர்வுக்கும் அது பொருந்துகிறது, ஏனென்றால் இந்தப் பேஸில் தந்தி நேராக மரத்தில் படுகிறது. உருட்டுச்சுற்று அந்த மரத்தை அரம் போல அரிக்கும். இந்த வகைப் பேஸ் வாசித்த ஜாகோ பாஸ்டோரியஸ் பலகைக்கு எபாக்சி என்ற கெட்டியான பிசினைப் பூசிக்கொண்டு உருட்டுச்சுற்று வாசித்ததற்குக் காரணம் இதுதான். பூச்சில்லாத பலகை என்றால் பட்டைச்சுற்றோ, நைலான் பட்டை சுற்றிய தந்தியோ போடுவது நல்லது.

குழுவில் வயலின் வாசிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பலகையும் வெறும்பலகைதான். இந்தச் சொல் உங்கள் காதுக்கு ஒத்துவருகிறதா என்று சொல்லுங்கள்.