ஆட்டுக்குட்டிகளுக்குக் கொம்புக் குருத்து தீய்த்தலும் தடுப்பூசியும்: ஆடு அறிந்த மருத்துவரை எங்கே தேடுவது?

கேள்வி: பரண்பட்டி (அந்தியூர், ஈரோடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பதினான்கு தலைச்சேரிப் பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் பரண் கொட்டிலில் வளர்கின்றன. ஐந்து நாட்களுக்கு முன் மூன்று ஆடுகள் ஈன்றதில் நான்கு பெட்டையும் இரண்டு கிடாவுமாக ஆறு குட்டிகள் நலமாக உள்ளன. இன்னும் ஐந்து ஆடுகள் ஒன்றரை மாதத்தில் ஈனும்.

சென்ற ஆண்டு ஒரு சினை ஆடு தீவனத் தொட்டியின் சட்டங்களுக்கு இடையே கொம்பு சிக்கி, இரவு முழுவதும் இழுத்துப் போராடியது. காலையில் நான் பார்த்தபோது கழுத்து வீங்கி நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் குட்டி வீசிவிட்டது. அதற்குப் பிறகுதான் குட்டியிலேயே கொம்பை நீக்கிவிடலாம் என்று முடிவு செய்து, கன்றுகளுக்குக் கொம்பு சுட்டுப் பழகிய ஒருவரை அழைத்து வந்தேன். கன்றுக்குப் பயன்படுத்தும் அதே சூட்டுக்கோலால், மரத்துப்போகும் ஊசி எதுவும் போடாமல், மூன்று குட்டிகளுக்குச் சுட்டார். அன்று மாலையே ஒரு குட்டி பால் குடிக்க மறுத்துவிட்டது. மறுநாள் கொட்டிலின் மூலையில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் இறந்தது. ரண ஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கும் என்று சொன்னார்கள். அந்தக் குட்டி நின்ற நிலை இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

இந்த ஆறு குட்டிகளுக்கும் குருத்து தீய்க்கலாமா, விட்டுவிடலாமா? தடுப்பூசிகளை எந்த வயதில் தொடங்க வேண்டும்? எங்கள் பகுதியில் கறவை மாட்டுக்கு நல்ல மருத்துவர்கள் உள்ளனர். ஆடு என்றால் தெரிந்து பார்ப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்

நீங்கள் குட்டி நின்ற நிலையை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியதால், காரணத்தை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ரண ஜன்னி பொதுவாகப் புண் ஏற்பட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்தே வெளிப்படும். அப்போது கால்கள் மரக்கட்டை போல விறைக்கும், காதுகள் நிமிர்ந்து நிற்கும், தாடை பூட்டிக்கொள்ளும். அன்று மாலையே பாலை மறுத்து, சுவரில் நெற்றியை முட்டி, மூன்றாம் நாள் இறந்தது என்றால், சூடு மண்டையோட்டைக் கடந்து மூளை உறையைத் தாக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். கன்றுக்கு மண்டையோடு தடித்தது. குட்டிக்கோ குருத்தின் அடியில் இருக்கும் எலும்பு மிக மெல்லியது, அதை ஒட்டியே மூளை இருக்கிறது. கன்றுக்குப் பிடிக்கும் நேரத்துக்குக் கோலைக் குட்டியின் தலையில் பிடித்தால் இப்படித்தான் முடியும். சுட்டவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார், குட்டியைச் சிறிய கன்றாக நினைத்துவிட்டார். எங்கள் படிப்பிலும் பணியிலும் மாட்டுக்குக் கிடைத்த இடம் ஆட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

தீய்ப்பதென்றால் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் செய்துவிட வேண்டும். கிடாக்குட்டிக்குக் குருத்து வேகமாக வளர்வதால் முதல் வாரமே சரியான காலம். அதைத் தாண்டினால் குருத்து மண்டையோட்டோடு பிணைந்துவிடும். வளர்ந்த பிறகு அறுத்தால் நெற்றி எலும்பின் உட்குழி திறந்து, புழு வைக்கவும் சீழ் பிடிக்கவும் வழியாகிவிடும். வளர்ந்த ஆட்டின் கொம்பை அறுக்க யார் சொன்னாலும் இசைய வேண்டாம்.

மரமரப்பு மருந்தில்தான் தவறு அதிகம் நிகழ்கிறது. கன்றுக்கு ஒவ்வொரு கொம்புக்கும் பெரும்பாலும் ஒரு நரம்பை மரக்கச் செய்தால் போதும். ஆட்டுக்கு ஒவ்வொரு கொம்புக்கும் இரண்டு நரம்புகள் செல்கின்றன: ஒன்று கண்ணுக்குப் பின்னால் எலும்பு விளிம்பை ஒட்டியும், மற்றொன்று கண்ணின் உள்மூலைக்கு மேலேயும். ஆகவே நான்கு இடங்களில் ஊசி போட வேண்டும். ஆனால் லிக்னோகெய்ன் என்ற அந்த மரமரப்பு மருந்து அளவு மீறினால் வலிப்பு வந்து குட்டி இறந்துவிடும் என்பதால், கிலோவுக்கு 5 மில்லிகிராமை நான் தாண்டியதில்லை. இரண்டு கிலோ குட்டிக்கு மொத்தமே 10 மில்லிகிராம், அதாவது இரண்டு சதவீத மருந்தில் அரை மில்லிதான். அதைச் சம அளவு ஊசி நீரில் கலந்து ஒரு மில்லியாக்கினால், இடத்துக்குக் கால் மில்லி கிடைக்கும். மயக்கத்துக்குத் தரும் சைலசின் மருந்தையும் ஆடு மாட்டைப் போலவே சிறு அளவில்கூடத் தாங்காது. எனவே தராசில் எடை பார்க்காமல் குட்டிக்கு ஊசி ஏற்றுபவரிடம் குட்டியைக் கொடுக்காதீர்கள்.

கோல் குட்டிக்குரிய சிறிய முனையுடையதாக, நன்றாகச் சூடேறியதாக இருக்க வேண்டும். சூடு குறைந்த கோலை நீண்ட நேரம் அழுத்துவதே மூளைக்கு ஆபத்து. சில நொடிகள் வைத்து எடுத்து, குருத்தைச் சுற்றிச் செம்பு நிற வளையம் தெரிகிறதா என்று பார்த்து, தலையைக் குளிரவிட்டுப் பிறகே அடுத்த குருத்துக்குச் செல்ல வேண்டும். காரப்பசை தடவும் முறை எளிதாகத் தோன்றினாலும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. குட்டி தலையைத் தேய்த்தால் பசை கண்ணில் வழியும். முட்டிப் பால் குடிக்கும்போது தாயின் மடியும் வெந்துவிடும்.

வலிக்கு மெலாக்சிகாம் போதுமானது. டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. கீட்டோபுரோபெனும் அசெக்ளோபினாக்கும் 2023இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அம்மருந்துகள் ஏறிய உடலைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறக்கின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் உங்கள் மாவட்டத்து வானத்திலும் பறப்பவை என்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது தடுப்பூசி. தீய்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்பதே. ஈனுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு முன் சினை ஆட்டுக்குத் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கும் டெட்டனசுக்கும் தடுப்பூசி போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு இறங்கும். உங்கள் ஐந்து சினை ஆடுகளுக்கும் இதுவே சரியான தருணம், இந்த வாரத்தைத் தவற விடாதீர்கள். ஈன்றுவிட்ட மூன்றுக்கும் போடவில்லை என்றால், அவற்றின் குட்டிகளுக்குத் தீய்க்கும் நாளில் உடனடிப் பாதுகாப்பு தரும் டெட்டனஸ் எதிர்ப்பு மருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமான டெட்டனஸ் ஊசி அன்று போட்டால் எதிர்ப்பு உருவாக இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதற்குள் புண்ணில் கிருமி வேலை செய்துவிடும்.

மூன்று மாதம் நிறைந்ததும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடலாம். முன்னதாகப் போட்டால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே தடுப்பூசியை வீணாக்கிவிடும். இந்நோய் இந்தியாவில் முதன்முதலில் 1987இல் நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான் கண்டறியப்பட்டது. அந்த ஊரில் பிரித்தெடுத்த நச்சுயிரியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியை உருவாக்கியது. ஒரு முறை முறையாகப் போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் காக்கும். துள்ளுமாரிக்கு மூன்று, நான்கு மாத வயதில் முதல் ஊசியும், இரண்டு அல்லது மூன்று வாரத்தில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன்பும் போட வேண்டும். மழைக்குப் பின் தளிர்ப்புல்லை வயிறு புடைக்க மேய்ந்த கொழுத்த குட்டிதான் அந்நோயில் முதலில் விழும். கோமாரியும் ஆட்டம்மையும் இவற்றுக்குப் பின், சில வார இடைவெளியில். குடற்புழு நீக்கம் தடுப்பூசிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே முடிந்திருக்கட்டும்.

பதில் 2: கரிசல்காட்டுப் பெண் (விருதுநகர் மாவட்டம்)

டாக்டர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் தம்பி, தீய்க்கத்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கன்னி இன ஆடு வளர்க்கிறோம். ஒன்றுக்கும் கொம்பு நீக்கியதில்லை. கொம்புக்குள் இரத்தம் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஆட்டின் கொம்பைத் தொட்டுப் பாருங்கள். உடம்பின் சூட்டை அது வெளியேற்றுவது கைக்கே தெரியும்.

எங்கள் கொட்டிலிலும் தலை சிக்கியது உண்டு. நேராக நின்ற சட்டங்களை எடுத்துவிட்டு, மேலே தலை நுழையும் அளவுக்கு அகலமாகவும் கீழே கழுத்து மட்டும் தங்கும் அளவுக்குக் குறுகலாகவும், சாவித்துளை போன்ற திறப்புகள் வைத்த பலகையைத் தச்சரிடம் அடித்து வாங்கினோம். ஆடு தலையைத் தூக்கினால் தானாகவே விடுபட்டுவிடும். அதற்குப் பின் ஒரு ஆடும் சிக்கவில்லை.

கிடாக்குட்டிகளை விற்பதாக இருந்தால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பக்ரீத்துக்கு வாங்குபவர்களும் கோயிலுக்கு நேர்ந்துவிடுபவர்களும் குறையில்லாத கொம்பைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நெற்றியில் சூட்டுத் தழும்பு இருந்தால் எங்கள் பக்கத்துச் சந்தையில் கைத்துண்டுக்குள் விரலே நீட்டமாட்டார்கள். ஆனால் கொம்புள்ளதையும் கொம்பில்லாததையும் ஒரே அறையில் அடைக்காதீர்கள். இல்லாதது அடிவாங்கியே மெலிந்துபோகும்.

பதில் 3: பவானிக்கரை (பவானி வட்டம்)

மருத்துவரைத் தேடுவது பற்றி நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். நோய் வந்த இரவில் தேடினால் கிடைப்பவர்தான் மருத்துவர். ஆகவே ஆடுகள் நலமாக இருக்கும்போதே, ஒரு வார நாளில் காலையில் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குச் சென்று, எத்தனை ஆடு, எந்த இனம், எப்போது ஈனும் என்று எழுதிய குறிப்பேட்டோடு பேசுங்கள். கால்நடை ஆய்வாளரிடமும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த நோய் நடமாடுகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். குட்டிக்கு மரமரப்பு ஊசி எத்தனை இடத்தில் போடுவீர்கள்? எடை பார்ப்பீர்களா? நீங்கள் தீய்த்த குட்டிகளில் மூன்று மாதம் கடந்த ஒன்றை நான் பார்க்கலாமா? மூன்றாம் கேள்விக்கு ஓர் இளம் மருத்துவர் தயங்காமல், தாம் தீய்த்த பத்தில் இரண்டுக்குக் குறைக்கொம்பு முளைத்துவிட்டது என்று சொல்லி அந்த இரண்டையுமே அழைத்துச் சென்று காட்டினார். அன்றிலிருந்து எங்கள் ஆடுகளுக்கு அவர்தான் மருத்துவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பவரும் நல்ல மருத்துவரே. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். தீய்ப்பது போன்ற திட்டமிட்ட வேலையை அதற்கென விட்டுவைக்காதீர்கள்.

தடுப்பூசி கிடைக்கவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிக் குப்பியில் பல ஆடுகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்தே ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு குட்டிக்காக ஒரு குப்பியை உடைக்க மருத்துவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் தெருவில் ஏழு வீட்டு ஆடுகளைக் கணக்கெடுத்துச் சொன்னோம். மறு வாரமே குளிர்பெட்டியோடு வந்து பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுப் போனார்கள்.

பதில் 4: ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்

தனிச்செய்தியில் ஒருவர், பிறவியிலேயே கொம்பில்லாத மோழைக் கிடாவை வாங்கிச் சேர்த்தால் இந்தத் தொல்லையே இராதே என்று கேட்டார். மோழைக் கிடாவைக் கொம்புள்ள பெட்டையோடு சேர்க்கலாம். மோழையோடு மோழை சேர்த்தால், இரு பக்கமும் அந்த மரபணுவைப் பெற்ற பெட்டைக்குட்டிகள் ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலடாகப் பிறக்கும்.

பதில் 5: பரண்பட்டி

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னதைக் கேட்டு இரண்டு கிடாக்குட்டிகளையும் விட்டுவிட்டேன்; தொட்டிக்குச் சாவித்துளைப் பலகை அடிக்கக் கொடுத்துள்ளேன். மீதமுள்ள தொட்டிகளை மாற்ற நாளாகும் என்பதால், பண்ணையிலேயே வைத்துக்கொள்ளப்போகும் நான்கு பெட்டைகளுக்கு மட்டும் ஒன்பதாம் நாளில் தீய்த்தோம். பவானிக்கரை அண்ணன் சொன்ன கேள்விகளைக் கேட்டதும் மருத்துவர் சிரித்துவிட்டு, பையிலிருந்து தொங்கு தராசை எடுத்து வேப்பங்கிளையில் மாட்டினார். முதல் குட்டி 2 கிலோ 400 கிராம். நான்கு இடங்களில் ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்று ஊசி முனையால் தொட்டுப் பார்த்த பிறகே கோலை எடுத்தார். சூடு வைத்தபோது குட்டி என் மடியில் அசையாமல் கிடந்தது. கால் மணி நேரத்தில் நான்கும் வாலை ஆட்டிக்கொண்டு தாயிடம் முட்டிப் பால் குடித்தன. நான்குக்கும் டெட்டனஸ் எதிர்ப்பு மருந்தும், ஐந்து சினை ஆடுகளுக்கு இரண்டு தடுப்பூசிகளும் போட்டாகிவிட்டது. இன்று ஐந்தாம் நாள், ஒரு குட்டியின் பொருக்கு ஓரத்தில் சற்று ஈரமாக இருக்கிறது. உரித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில் 6: ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்

உரிக்க வேண்டாம். பொருக்கு சில வாரங்களில் தானாக உதிரும்; உரித்தால் அடியில் பச்சைப் புண் திறந்துகொள்ளும். கொட்டில் உலர்வாக இருக்கட்டும், ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெயைப் புண்ணின் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். நாற்றமோ சீழோ கண்டாலும், குட்டி பால் குடிப்பதைக் குறைத்தாலும், அன்றே அந்த மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.