பாய்லர் கம்பி நான்கே மாதத்தில் தொங்கிவிட்டது, அவசர உதவி தேவை

பிறைத்தம்பி (திங்கள், இரவு 9.40)
வணக்கம். எங்கள் பாய்லரில் எரியும் கரியைத் தாங்கும் கம்பித்தட்டு மறுபடியும் போய்விட்டது. ஜூன் மாதம்தான் புதிதாகப் போட்டோம். இப்போது நடுவில் ஏழு கம்பிகள் வாழைப்பழம் போல் வளைந்து தொங்குகின்றன, இரண்டு முறிந்து கீழே விழுந்துவிட்டன. ஒவ்வொரு வேளையும் கடப்பாரையால் குத்திக் குத்தி, இறுகிப்போன சாம்பல் கட்டியை உடைத்து என் தோளே இறங்கிவிட்டது. வெளியே ஒரு கைப்பிடி வைத்து, அதை இழுத்தால் உள்ளே தட்டு ஆடிச் சாம்பலை உதிர்க்கும் அமைப்பு உண்டாமே, அதை யாராவது செய்திருக்கிறீர்களா? அளவு சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பட்டறைக்கு வரைபடம் கொடுக்க வேண்டும்.

கிள்ளான்வார்ப்படம் (திங்கள், இரவு 10.05)
தம்பி, கம்பி எந்த இரும்பு? சாதாரணச் சாம்பல்நிற வார்ப்பிரும்பாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த இரும்பை 500 பாகை செல்சியஸுக்கு மேல் மாற்றி மாற்றிச் சூடாக்கி ஆறவிட்டால் அது வளரும். சூட்டில் விரிந்து ஆறியதும் சுருங்குவது வேறு. இது நிரந்தரமான வளர்ச்சி. உள்ளே இருக்கும் இரும்புக் கார்பைடு பிரிந்து கரித்துகளாகும்போது பருமன் கூடுகிறது, அந்தத் துகள்களின் ஓரமாக ஆக்சிஜனும் நுழைந்து அரிக்கிறது. வளர இடம் இல்லாத கம்பி வளையாமல் என்ன செய்யும்? ஒரு விழுக்காடு குரோமியம் சேர்த்தாலே வளர்ச்சி நன்றாகக் குறையும். எங்கள் வார்ப்படச் சாலையில் அப்பா காலத்திலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறோம்.

ஆவிமூத்தவர் (திங்கள், இரவு 10.31)
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாய்லரின் கொள்ளளவு என்ன? கம்பியின் நீளம், ஆழம், இடைவெளி என்ன? காற்று தானாக இழுக்கிறதா, புளோவர் தள்ளுகிறதா? எரிப்பது என்ன? தட்டுக்கு அடியில் சாம்பல் விழும் குழி எவ்வளவு ஆழம்? இதில் ஒன்றையும் சொல்லாமல் "அளவு சொல்லுங்கள்" என்றால், நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு வந்ததற்குச் சமம். முப்பது ஆண்டுகளாக இதே துறையில் இருப்பவன் சொல்கிறேன். முதலில் விவரம், பிறகு வரைபடம்.

நிபோங்திபால்ஆலை (செவ்வாய், காலை 6.15)
நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். நீங்கள் எழுதியதில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது: "குத்திக் குத்தி". மேலிருந்து நெருப்பைக் கிளறாதீர்கள். கம்பிக்கு மேல் படிந்து ஆறிக்கொண்டிருக்கும் சாம்பலை நீங்களே கிளறி, வெள்ளையாக எரியும் இடத்துக்கு ஏற்றுகிறீர்கள். அங்கே அது உருகி வெல்லப்பாகு போல் இளகும், கீழே வந்து இறுகும். அதுதான் உங்கள் கட்டி. தட்டையான நீண்ட கம்பியைத் தட்டின் மேல்பரப்போடு ஒட்டிப் படுக்கையாக நுழைத்து, கட்டியை அடியிலிருந்து மெல்ல நெம்பி எடுங்கள். என்ன எரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.

பிறைத்தம்பி (செவ்வாய், நண்பகல் 12.50)
கலிமந்தான் நிலக்கரி. புளோவர் உண்டு. கம்பி நீளம் 900 மில்லிமீட்டர், இடைவெளி 12. சாதாரண வார்ப்பிரும்புதான். மீஹூன் (அரிசிச் சேமியா) ஆலை, நீராவி காலை நான்கு மணியிலிருந்து வேண்டும். ஆட்டும் தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஆவிமூத்தவர் (செவ்வாய், பிற்பகல் 1.20)
சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். கம்பித்தட்டைத் தானாக இயங்க வைக்கும் முயற்சி நேற்று தொடங்கியதல்ல. லண்டனில் ஜான் ஜூக்ஸ் என்பவர் சங்கிலித் தட்டுக்கு 1841இல் காப்புரிமை பெற்றார். குட்டைக் கம்பிகளைச் சங்கிலி போல் கோத்து, உருளைகளின் மேல் மெல்ல நகரவிட்டார். ஒரு முனையில் கரி ஏறும், மறுமுனைக்குப் போவதற்குள் எரிந்து முடியும், சாம்பல் தானாகக் கொட்டும். அதைவிட முக்கியமானது, கம்பி சுற்றிக் கீழே வரும்போது அதற்கு ஆற ஓர் இடைவேளை கிடைக்கிறது. உங்கள் ஆடாத தட்டுக்கு அந்த இடைவேளையே இல்லை. ஆட்டும் தட்டு இரண்டுக்கும் நடுவில் உள்ளது. சாம்பலை உதிர்க்கும், ஆனால் கம்பியை ஆற்றாது. எனவே ஆட்டும் தட்டு உங்கள் கம்பியைக் காப்பாற்றும் என்று நினைத்தால் அடிப்படையே புரியவில்லை என்று பொருள்.

செந்தூல்பேரன் (செவ்வாய், மாலை 5.45)
மன்னிக்கவும், மூத்தவர் ஆட்டும் தட்டை இவ்வளவு குறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் தாத்தா ரயில் எஞ்சினில் கரி போட்டவர், ஓடும் எஞ்சினில் கைப்பிடியை ஆட்டியே சாம்பலை இறக்கியதாகச் சொல்வார். சிலாங்கூரில் பத்து ஆராங் என்ற ஊரின் சுரங்கக் கரி மட்டமான கரி, அதையே எரித்து மலைமேடு ஏறினார்கள். எங்கள் மக்கள் உழைப்பு அது.

ஆவிமூத்தவர் (செவ்வாய், மாலை 6.10)
மலாயா ரயில் எண்ணெயில் ஓடியது. என் மாமா அதில் வேலை செய்தவர். கரி போட்டார்கள் என்பது வீட்டில் சொல்லும் கதை.

செந்தூல்பேரன் (செவ்வாய், மாலை 6.22)
தாத்தாவின் உள்ளங்கைக் காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன் ஐயா. கதை என்று சொல்லாதீர்கள்.

கிள்ளான்வார்ப்படம் (செவ்வாய், இரவு 8.00)
இருவர் சொல்வதும் உண்மைதான், காலம்தான் வேறு. பத்து ஆராங்கில் 1915இலிருந்து 1960 வரை கரி வெட்டினார்கள், ரயில்வே அதன் பெரிய வாடிக்கையாளர். போருக்குப் பிறகு எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள், 1957இல் டீசல் எஞ்சின்களும் வந்துவிட்டன. சுரங்கம் மூடியதற்கு அதுவும் ஒரு காரணம். பேரனின் தாத்தா முன்னவர், மூத்தவரின் மாமா பின்னவர். தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம், அவருக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

நிபோங்திபால்ஆலை (புதன், காலை 6.05)
தம்பி, முறிந்து விழுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தின்றிருக்கிறது? மேல்முகத்தில் கண்ணாடி போல் கட்டி ஒட்டி, அதன் அடியில் குழி விழுந்திருந்தால் குற்றவாளி உருகிய சாம்பல். மேல்முகம் ஓரளவு நன்றாக இருந்து, அடிவிளிம்பு செதில் செதிலாக உரிந்து மெலிந்திருந்தால் நெருப்பு கீழே இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லாமல் எந்த வரைபடமும் கொடுக்க வேண்டாம்.

பிறைத்தம்பி (புதன், இரவு 10.15)
அடிவிளிம்புதான் அண்ணா. விரலால் தேய்த்தாலே செதில் கொட்டுகிறது, சில இடங்களில் பாதி ஆழம்தான் மிச்சம். மேல்முகத்தில் வார்ப்பு அச்சின் வரி இன்னும் தெரிகிறது. ஜூலையிலிருந்து கரியோடு செம்பனைக் கொட்டை ஓடும் கலக்கிறோம், விலை குறைவு என்று முதலாளி வாங்கினார். அதனால் இருக்குமா?

நிபோங்திபால்ஆலை (வியாழன், காலை 5.50)
அதனால்தான், தம்பி. இதை முதல் நாளே எழுதியிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஓட்டுத் துண்டு சிறியது, 12 மில்லிமீட்டர் இடைவெளியில் எரியாமலே நழுவி விழும். குழியில் ஏற்கெனவே தணல் கிடக்கிறது. புளோவர் வைத்த பாய்லர் என்பதால் குழியின் கதவு மூடியே இருக்கிறது, யாரும் உள்ளே பார்ப்பதில்லை. அந்த மூடிய குழிக்குள் புளோவர் காற்றை ஊதுகிறது. கொல்லன் பட்டறையில் துருத்தி செய்யும் வேலை அது. கம்பிக்கு அடியில் இன்னோர் உலை எரிந்துகொண்டிருக்கிறது. கம்பி உயிரோடு இருப்பதே கீழிருந்து வரும் குளிர்ந்த காற்றால்தான், ஆழமான அடிவிளிம்பு அந்தக் காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறும். இப்போது அந்தக் காற்றே தணலைத் தடவிக்கொண்டு வருகிறது. மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு என்றால் எந்தக் கம்பியும் தாங்காது. கிள்ளான் வார்ப்பட அக்கா சொல்லும் குரோமியக் கம்பி போட்டாலும் சில மாதம் கூடுதலாக நிற்குமே தவிர நோய் தீராது.

கட்டி மிகுந்ததற்கும் ஓடுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓட்டின் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது, கரிச்சாம்பலோடு சேர்ந்தால் கலவை இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகும்.

இன்றே செய்ய வேண்டியது: புளோவரை நிறுத்திவிட்டுக் குழியைத் திறந்து முழுவதும் வாருங்கள். புளோவர் ஓடும்போது எந்தக் கதவையும் திறக்காதீர்கள், தீ முகத்தில் அடிக்கும். பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை வாருங்கள். குழியின் தரையில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள். விழும் தணல் உடனே அணையும், எழும் ஆவி கம்பியையும் ஆற்றும், கட்டியையும் பொறபொறப்பாக்கும். ஓடு கலப்பதை நிறுத்துங்கள். நிறுத்த முடியாதென்றால் இடைவெளி குறைந்த கம்பி வார்க்க வேண்டும்.

கிள்ளான்வார்ப்படம் (வியாழன், காலை 9.30)
ஒப்புக்கொள்கிறேன், அடிவிளிம்பு உரிந்திருந்தால் குழிதான் முதல் காரணம். ஆனாலும் புதுக் கம்பி வார்க்கும்போது மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள். இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கட்டும், மேலே நுழைந்த சாம்பல் நடுவில் சிக்காது. கம்பியின் நடுப்பகுதி மீன்வயிறு போல் ஆழமாக இருக்கட்டும். முனையில் விரிவதற்கு இடம் விடுங்கள். 900 மில்லிமீட்டர் கம்பி 500 பாகை சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும், அதற்கு மேல் நான் சொன்ன வளர்ச்சி. பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். பட்டறையில் இறுக்கமாக இருந்தால்தான் அழகு என்று நினைத்துச் சம்மட்டியால் தட்டி ஏற்றுவார்கள், கூடவே நின்று தடுங்கள். வளையாத பழைய கம்பி ஒன்று மிச்சமிருந்தால் அதன் நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.

செந்தூல்பேரன் (வியாழன், நண்பகல் 12.10)
ஆட்டும் தட்டைப் பற்றித் தம்பி கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. தாத்தா சொன்னதை எழுதுகிறேன். நீளக் கம்பிக்குப் பதில், விரல்கள் வைத்த குட்டைத் துண்டுகள் குறுக்குத் தண்டுகளில் உட்கார்ந்திருக்கும். எல்லாத் தண்டுகளையும் அடியில் ஒரே இணைப்புக் கம்பி பிடித்திருக்கும், அது வெளிக் கைப்பிடியோடு சேரும். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். குட்டைத் துண்டு என்பதால் வளையவும் நீளம் இல்லை. ஆட்டுவது சின்னச் சின்ன அசைவாக இருக்க வேண்டும். குழிக்குள் முதல் சிவப்புப் பொறி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். தட்டின் மேல் இரண்டு அங்குலம் சாம்பல் எப்போதும் மெத்தை போல் இருக்க வேண்டும், அந்த மெத்தைதான் கம்பிக்குக் குடை என்பார்.

ஆவிமூத்தவர் (வியாழன், மாலை 4.40)
பேரன் எழுதியது சரியான விளக்கம். துண்டு மாற்றும் வசதியை நான் கணக்கில் எடுக்கவில்லை, தாத்தாவைப் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தம்பி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கைப்பிடிக்காக பாய்லரின் முகப்பில் துளை போடுவதை உங்கள் பட்டறை தன் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. தகுதிச் சான்றிதழ் உள்ள பாய்லர் அது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் கேட்காமல் முகப்பைத் தொடாதீர்கள். அழுத்தத்தோடு விளையாடியவர்களின் வீடுகளுக்கு நான் துக்கத்துக்குப் போயிருக்கிறேன். அதனால்தான் கடுமையாகப் பேசுகிறேன்.

நிபோங்திபால்ஆலை (சனி, காலை 7.00)
தம்பி, குழியை வாரினீர்களா?

நிபோங்திபால்ஆலை (அடுத்த புதன், காலை 6.30)
தம்பி?

பிறைத்தம்பி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.05)
மன்னிக்கவும், இரண்டு வேளை வேலை. குழியில் முழங்கால் ஆழத்துக்குச் சாம்பலும் ஓடும் இருந்தன, அடியில் இன்னும் சிவப்பாக இருந்தது. ஓட்டை நிறுத்தியாயிற்று, தண்ணீர் விடுகிறோம். அக்கா சொன்னபடி பத்து மில்லிமீட்டர் விட்டுப் புதுக் கம்பி போட்டோம், இன்றுவரை நேராக இருக்கிறது. பழைய நேர்க் கம்பி ஒன்றை அளந்தேன்: 907. ஆட்டும் தட்டுக்கு முதலாளி அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார். எல்லோருக்கும் நன்றி.

கிள்ளான்வார்ப்படம் (திங்கள், காலை 8.20)
ஏழு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது! தம்பி, அந்தக் கம்பியை உருக்க விற்றுவிடாதீர்கள். வெட்டிப் பார்க்க எனக்கு ஒரு துண்டு அனுப்ப முடியுமா?